டியூஸ் எக்ஸ் பிஎஸ்2-க்கு போன கதை: பழி ஓரிடம் பாவம் ஓரிடம்

டியூஸ் எக்ஸ்ங்குற பிசி கேம பத்தி பேசும்போது "கன்சோலுக்காக (டிவில மாட்டி ஆடுற கேம் மிஷினுக்காக) சுருக்கி அத கெடுத்துட்டாங்க" அப்டின்னு யாராவது ஆரம்பிச்சா நான் உடனே கேக்குறது ஒண்ணு தான், எத சொல்றீங்க, 2002-ல பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த பதிப்பையா இல்ல 2003 கடைசில வந்த ரெண்டாவது கேம் இன்விசிபிள் வாரையா? பாதி பேருக்கு இது ரெண்டும் மண்டைக்குள்ள ஒண்ணா கலந்து கிடக்கு. ரெண்டாவது கேம் பண்ண பாவத்துக்கு இந்த பிஎஸ்2 பதிப்பு இருபது வருஷத்துக்கு மேல பழி சுமந்துட்டு இருக்கு. ரெண்டுமே ஒரே ஸ்டுடியோ, ரெண்டுமே கன்சோல் மெமரியோட மல்லுக்கட்டினது, அதனால குழப்பம் வர்றதுல ஆச்சரியம் இல்ல. ஆனா உள்ள நடந்தது முழுக்க வேற. ஒண்ணு தைச்சு முடிச்ச சட்டைய பிரிச்சு சின்ன உடம்புக்கு மாத்தி தைச்சது, இன்னொண்ணு துணி வெட்டும்போதே சின்ன அளவ மனசுல வெச்சு வெட்டினது. இந்த வித்தியாசம் புரிஞ்சா தான் கன்சோல் போர்ட்னா, அதாவது ஒரு கேம கன்சோலுக்கு மாத்துறதுன்னா என்னன்னே புரியும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. டியூஸ் எக்ஸ் 2000 ஜூன்ல விண்டோஸுக்கு வந்துச்சு, பண்ணது அயன் ஸ்டார்மோட ஆஸ்டின் ஸ்டுடியோ, வெளியிட்டது ஈடாஸ், தலைமை வாரன் ஸ்பெக்டர், லீட் டிசைனர் ஹார்வி ஸ்மித். கதை நடக்குறது 2052-ல, நீங்க ஜேசி டென்டன், யுனாட்கோங்குற பயங்கரவாத தடுப்பு அமைப்போட ஏஜென்ட், உடம்புக்குள்ள நானோ மெஷின். ஊரெல்லாம் கிரே டெத்னு ஒரு கொள்ளைநோய், அதுக்கு மருந்து அம்ப்ரோசியா, அது பணக்காரனுக்கும் பதவில இருக்குறவனுக்கும் மட்டும் தான் போய் சேருது. பாக்குறதுக்கு துப்பாக்கி கேம், உள்ள ஆர்பிஜி (ஆளோட திறமைய நீங்களே தேர்ந்தெடுத்து வளக்குற ரோல்பிளேயிங் கேம்), அதுக்கும் உள்ள இன்னொண்ணு இருக்கு, ஒரு பூட்டுன கதவ காட்டி "எப்படியாவது போ" ன்னு சொல்லிட்டு ஒதுங்கி நின்னுக்கும். பூட்டு திறக்கலாம், சாவி வெச்சிருக்கவன்கிட்ட பேசலாம், கதவ வெடி வெச்சு உடைக்கலாம், மேல இருக்குற காத்து குழாய்க்குள்ள ஊர்ந்து போகலாம். இந்த கேமோட உயிர் அது தான், கிராபிக்ஸ் அப்பவே சுமார் ரகம்.

கன்சோல் பதிப்பு அமெரிக்காவுல 2002 மார்ச்ல வந்துச்சு, பேருக்கு பின்னாடி "தி கான்ஸ்பிரசி" ன்னு ஒரு வாலோட. பண்ணதும் அதே அயன் ஸ்டார்ம் தான், வெளி ஆளுங்ககிட்ட தூக்கி குடுத்து அரைகுறையா முடிச்ச வேலை இல்ல.

இப்ப நம்பருக்கு வருவோம், ஏன்னா எல்லாமே இங்க இருந்து தான் கிளம்புது. பிசி பதிப்போட பெட்டியிலயே போட்டிருந்த குறைஞ்சபட்ச தேவை பென்டியம் 2, 300 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி ரேம். அது போக கிராபிக்ஸ் கார்டுக்குன்னு தனி மெமரி, அதுவும் போக ரேம் நிரம்புனா விண்டோஸ் சத்தமில்லாம ஹார்ட் டிஸ்க்ல கொஞ்சத்த இறக்கி வெச்சு சமாளிச்சுக்கும், கேம் ஒரு நொடி திக்கும், அப்புறம் ஓடும். பிஎஸ்2-ல மெயின் மெமரி 32 எம்பி, கிராபிக்ஸ் சிப்புக்குள்ள 4 எம்பி, சவுண்டுக்கு 2 எம்பி. அவ்ளோ தான். கூடவே வர்ற ஹார்ட் டிஸ்க் கிடையாது, நிரம்புனா இறக்கி வைக்க இடம் கிடையாது, தட்டுல சுத்துற டிவிடில இருந்து மறுபடி படிக்கணும், அது ஆமை. பிஎஸ்2-ஓட பிராசஸர் கணக்கு போடுறதுல கெட்டி, 294 மெகாஹெர்ட்ஸ்ல ஓடினாலும் 3டி படத்த உண்டாக்குற முக்கோணங்கள வரைஞ்சு தள்ளுறதுல அந்த காலத்து பிசிய சாதாரணமா முந்தும். பிரச்சனை வேகத்துல இல்ல, இடத்துல.

அந்த 4 எம்பிய மட்டும் கொஞ்சம் பிரிச்சு பாருங்க. 640-க்கு 448 புள்ளி, ஒரு புள்ளிக்கு 4 பைட், ஒரு படத்துக்கு சுமார் 1.1 எம்பி ஆச்சு. திரைல தெரியுறது ஒண்ணு, பின்னாடி வரைஞ்சிட்டு இருக்குறது ஒண்ணு, எது முன்னாடி எது பின்னாடின்னு ஆழத்த குறிச்சு வைக்க அதே அளவுல இன்னொண்ணு. மூணும் சேந்தா 3.3 எம்பி கிட்ட காலி. சுவரு, தரை, முகம், துணி எல்லாத்துக்கும் மேல ஒட்டுற படமான டெக்ஸ்சருக்கு மிச்சம் முக்கா எம்பி கூட இல்ல. அதனால பிஎஸ்2-ல வேலை செஞ்ச எல்லாருமே நிறத்த குறைக்கிறது, உயரத்த பாதியாக்குறது, டெக்ஸ்சர துண்டு துண்டா மெயின் மெமரில இருந்து ஒவ்வொரு படத்துக்கும் அள்ளி அள்ளி கொட்டுறதுன்னு ஏதாவது ஒரு வித்தைய பண்ணித்தான் பொழப்ப ஓட்டினாங்க. பிசில மட்டும் என்னமோ தாராளமா இருந்துச்சுன்னு நினைச்சுக்காதீங்க. பிசி பதிப்புல நியூயார்க் வானத்தோரம் தெரியுற கட்டிட வரிசைல இரட்டை கோபுரம் இருக்காது, 2001-க்கு முன்னாடியே வந்த கேம்ல. இத வெச்சு எவ்வளவோ கதை கட்டினாங்க, ஹார்வி ஸ்மித் சொன்ன காரணம் ரொம்ப சப்பையானது, டெக்ஸ்சர் மெமரி பத்தல, பாதி வரிசைய வெச்சு அதையே கண்ணாடி மாதிரி திருப்பி மறுபாதிக்கு ஒட்டிட்டாங்க, கோபுரம் இருந்த பாதி விட்டு போச்சு. பிசிலயே இந்த கதின்னா பிஎஸ்2-ல கேக்கணுமா.

சரி, டெக்ஸ்சர் மங்கலா இருந்தா கண்ணு பழகிக்கும். உண்மையான வெட்டு விழுந்தது இடத்துல. முதல் மிஷன் லிபர்ட்டி ஐலண்ட எடுத்துக்குங்க. பிசில அந்த தீவு முழுக்க ஒரே மேப், தோணித்துறை, தலை இல்லாத சுதந்திர தேவி சிலை, சிலையோட உட்புறம், பின்பக்கம் அடுக்கி கிடக்குற பெட்டிங்க, எல்லாம் ஒரே ஃபைல். யுனாட்கோ ஆபிஸ் மட்டும் தனி. நீங்க துறைல இறங்கின உடனே அண்ணன் பால் வந்து நிக்கிறான், ஸ்னைப்பர் வேணுமா, ஜெப் கன்ங்குற ராக்கெட் லாஞ்சர் வேணுமா, குட்டி கிராஸ்போ வேணுமான்னு கேக்குறான். அங்க இருந்து வடக்கு பக்கம் போயி ஹார்லி ஃபில்பென்னு ஒருத்தன புடிச்சா சிலையோட முன் கதவுக்கு சாவி கிடைக்கும், இல்ல பின்பக்கம் பெட்டி மேல ஏறி சாவியே இல்லாம உள்ள போகலாம். இதுல சுவாரசியம் என்னன்னா தீவு மொத்தமும் ஒரே நேரத்துல உயிரோட இருக்கு. நீங்க ஒரு பக்கம் சுட்டா அத கேட்டவன் அந்த பக்கத்துல இருந்து ஓடி வர்றான், அலாரம் அடிக்க போறான், நீங்க அவன சுத்த விட்டு யுனாட்கோ ரோபோ இருக்குற பக்கம் இழுத்துட்டு போறீங்க, ரோபோ அவன கவனிச்சுக்குது. யாரும் எழுதி வெக்காத நாடகம் அது.

பிஎஸ்2-ல இதே தீவ வெட்டினாங்க. நடுவுல கோடு, கோட்ட தாண்டினா லோடிங். லெவல் டிசைன்ல நடந்த சின்ன சின்ன மாத்தத்துல பெரும்பாலானது இந்த லோடிங் வாசலுக்கு இடம் ஒதுக்குறதுக்காக பண்ணது தான், கொஞ்சம் மட்டும் கஷ்ட நஷ்டத்த சமன் பண்ண. ஒரு கேட்டு, ஒரு நடைபாதை, ஒரு வளைவு, பாக்க ஒண்ணும் பெருசா தெரியாது. ஆனா டியூஸ் எக்ஸ்ல மேப் எல்லைய எதிரி தாண்டி வரமாட்டான். பிசிலயும் அப்படித்தான், அங்க எல்லைங்க குறைவா இருந்ததால யாரும் கண்டுக்கல. எல்லை கூடக்கூட ஒவ்வொரு கோடும் உங்களுக்கு ஒரு பதுங்கு குழி. மூணு பேரு துரத்துறான், ரத்தம் ஓடுது, கோட்ட தாண்டினீங்கன்னா திரை கருப்பாகுது, அந்த பக்கம் அமைதி, மெட்கிட் போட்டுக்கிட்டு நிதானமா திரும்பி வரலாம். சூழ்ச்சி பண்ணி தப்பிச்ச ஃபீலிங் போயி கட்டம் தாண்டி தப்பிச்ச ஃபீலிங் வந்துடுது. ஒரு அறைக்குள்ளயே நடக்குற ஷூட்டருக்கு இது ஒரு பொருட்டே இல்ல, காரிடார் கேம எத்தன துண்டா வெட்டினாலும் காரிடார் காரிடார் தான். எல்லா மூலையும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற கேமுக்கு ஒவ்வொரு வெட்டும் ஒரு நரம்பு.

இத சொன்னா "அப்ப கெடுத்துட்டாங்கன்னு தானே அர்த்தம்" ங்குறாங்க. இருங்க. வெட்டுறதுன்னு முடிவான பிறகு எதையெல்லாம் வெட்டலங்குறத பாக்கணும். கதை முழுசா இருக்கு, நியூயார்க், ஹாங்காங், பாரிஸ், ஏரியா 51 எல்லாம் இருக்கு, ஸ்கில் மரம் இருக்கு, உடம்புக்குள்ள ஏத்திக்கிற நானோ சக்தியான ஆக்மென்டேஷன்ல ரெண்டுல ஒண்ண எடுத்தா இன்னொண்ண மறந்துடணும்ங்குற கறார் இருக்கு, மூணு முடிவும் இருக்கு. இடத்த துண்டு போட்டாங்களே தவிர இடத்த தூக்கி எறியல. செருப்புக்காக கால வெட்டாம கால மடக்கி உள்ள திணிச்ச மாதிரி.

அடுத்தது கை. இத பத்தி பேசுறவங்க எல்லாரும் "மவுஸ் துல்லியம், ஸ்டிக் துல்லியமில்ல" ன்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க, அது பாதி தான். மவுஸ்ல நீங்க சொல்றது தூரம், கைய இவ்ளோ நகர்த்தினா பார்வை இவ்ளோ நகரும், நிறுத்தினா நின்னுடும். கன்ட்ரோலர்ல கட்டைவிரலால சாய்க்கிற ஸ்டிக்ல நீங்க சொல்றது வேகம், இவ்ளோ சாய்ச்சா இந்த வேகத்துல திரும்பிட்டே இரு, எப்ப நிறுத்தணும்ங்குறத நேரம் பாத்து விடணும். ரெண்டும் வேற வேற கணக்கு, அதனால தான் மவுஸ்ல பழகினவன் ஸ்டிக்க புடிச்சா எப்பவும் ஒரு விரக்கடை தாண்டி போயிடுவான். இதுக்கு மருந்தா ஆட்டோ எய்ம் வெச்சாங்க, வேணும்னா போட்டுக்கலாம் வேணாம்னா அணைச்சுக்கலாம்.

இங்க தான் ஒரு சின்ன வில்லங்கம், எனக்கு தெரிஞ்சு யாரும் அதிகமா பேசாதது. டியூஸ் எக்ஸ்ல குறி வெக்கிறதே ஒரு ஸ்கில். பிஸ்டல் பயிற்சி இல்லாதப்ப குறி வட்டம் அகலமா கிடக்கும், நீங்க அசையாம நின்னா மெல்ல மெல்ல சுருங்கும், பாயிண்ட் போட்டு ட்ரெய்ண்டு, அட்வான்ஸ்டு, மாஸ்டர்னு ஏத்த ஏத்த சீக்கிரம் சுருங்கும். அதாவது கேம் ஏற்கனவே "உன் கை எவ்ளோ நல்லா இருந்தாலும் ஜேசியோட கை எவ்ளோ நல்லா இருக்கோ அவ்ளோ தான்" ன்னு சொல்லிட்டு இருக்கு. பிசில குவேக் மாதிரி வேகமா சுடுற கேம் ஆடி வந்தவனுங்க எல்லாம் முதல் அரை மணி நேரத்துல கடுப்பானது இதனால தான், தலைல வெச்சு சுட்டேன் எப்படி மிஸ் ஆச்சுன்னு. இப்ப மிஷினே குறிய புடிச்சு குடுத்துட்டா அந்த பாயிண்ட் எதுக்கு போடணும்? ஆட்டோ எய்ம் போட்டு ஆடுறவனுக்கு பிஸ்டல்ல போட வேண்டிய பாயிண்ட் மிச்சமாகுது, அத பூட்டுக்கோ கம்ப்யூட்டருக்கோ போட்டுடுவான், கேமோட மொத்த பட்ஜெட்டும் லேசா ஆட்டம் காணுது. இன்னொரு பக்கம் பாத்தா, நின்னு நிதானமா சுடுறதுக்கு கூலி குடுக்குற கேம், ஸ்டிக் வெச்சு ஆடுறவனுக்கு இயல்பாவே ஒத்து வரும், ஆட்டோ எய்ம் இல்லாமலே ஓட்டலாம். குவேக்க ஸ்டிக்ல ஆடுறது தண்டனை, டியூஸ் எக்ஸ ஸ்டிக்ல ஆடுறது அப்படி இல்ல.

பட்டன் கணக்கு தான் உண்மையான தலைவலி. பிசில பெல்ட்டுக்கு, அதாவது சட்டுன்னு கையில எடுக்குற பொருள் வரிசைக்கு நம்பர் கீ பத்து, ஆக்மென்டேஷனுக்கு எஃப்3-ல இருந்து எஃப்12 வரைக்கும் பத்து, அதுலயே இருபது போச்சு. இன்னும் குனியணும், குதிக்கணும், இடது பக்கம் சாயணும், வலது பக்கம் சாயணும், ஸ்கோப் பாக்கணும், லேசர் போடணும், ரீலோடு பண்ணணும். பிஎஸ்2-ஓட கன்ட்ரோலர் டூயல்ஷாக் 2-ல ஸ்டிக்க அமுக்குறது, ஸ்டார்ட், செலக்ட், திசை பட்டன் எல்லாம் சேத்து எண்ணினா பதினாறு. அதனால மெனுவ சுருக்கி எளிமையாக்கினாங்க, இன்வென்டரில, அதாவது பையில பொருள அடுக்குற அந்த கட்டக்கணக்கும் லேசாச்சு. இது தான் என் கணக்குல மெமரி வெட்ட விட பெரிய நஷ்டம், ஏன்னா பிசில அந்த கட்டத்துக்குள்ள தான் பாதி ரோல்பிளேயிங் நடக்கும். பால் குடுக்குற ஜெப் கன் எட்டு கட்டத்த முழுங்கும், மொத்தம் இருக்குறதே முப்பது, ஸ்னைப்பர் நாலு கட்டம், டிராகன்ஸ் டூத் வாள் நாலு கட்டம். எதையாவது கீழ போடாம இன்னொண்ண எடுக்க முடியாது. ராக்கெட் தூக்கிட்டு திரியுறவன் வேற ஆளு, பூட்டு கம்பியும் எலக்ட்ரானிக் பூட்ட ஏமாத்துற மல்டிடூலும் பையில நிரப்பிட்டு திரியுறவன் வேற ஆளு, ரெண்டுமா இருக்க கேம் விடாது. மூட்டை தான் கேரக்டர். அந்த நெருக்கடி தளர்ந்தா சௌகரியம் கூடுது, ஆளு கரைஞ்சு போறான்.

இத்தனைக்கும் நடுவுல ஒரு வேடிக்கை, பிஎஸ்2-ஓட முன்பக்கத்துல ரெண்டு யூஎஸ்பி ஓட்டை இருந்துச்சு, இந்த கேம் அதுல கீபோர்டும் மவுஸும் சொருகி ஆட விட்டுச்சு. பிஎஸ்2-ல வந்த அன்ரியல் டோர்னமென்ட்டும் ஹாஃப் லைஃபும் கூட விட்டது தான். கன்சோல் வாங்கினவன் சோபால சாய்ஞ்சுக்கிட்டு மடில மவுஸ் பேட வெச்சு ஆடுற காட்சிய நினைச்சா சிரிப்பா இருக்கும், ஆனா செஞ்சாங்க பாருங்க.

படிக்கிறது இன்னொரு தொல்லை. இந்த கேம்ல சுடுறத விட படிக்கிறது ஜாஸ்தி, குறிப்பு எழுதி வெச்ச டேட்டாகியூப், ஈமெயில், நியூஸ்பேப்பர், கம்ப்யூட்டர் லாகின். லிபர்ட்டி ஐலண்ட்ல 0451-னு ஒரு கோடு, 1994-ல வந்த சிஸ்டம் ஷாக்ல இருந்த 451-க்கு வணக்கம் வெச்சது, அத பழைய ஞாபகத்துல நேரா அடிச்சு திறக்குறதுல ஒரு அல்ப சந்தோஷம் உண்டு. இதெல்லாம் மூக்குக்கு முன்னாடி இருக்குற மானிட்டருக்காக எழுதினது. பத்தடி தள்ளி உக்காந்து வரி விட்டு வரி வரையுற இன்டர்லேஸ்ல நடுங்குற ட்யூப் டிவில பொடி எழுத்த படிக்க சொன்னா எவன் படிப்பான், படிக்காதவனுக்கு இந்த கேம் கதவ தேடி அலையுற கேம் ஆயிடும்.

சேவ் விஷயத்துல மட்டும் நான் கன்சோல் பக்கம். பிசில எல்லாரும் பண்ண திருட்டுத்தனம் குயிக்சேவ், ஒரு அடி வை, சேவ் போடு, மாட்டிக்கிட்டா லோடு போடு. டியூஸ் எக்ஸ் சேவ்ல நீங்க போயிட்டு வந்த மேப்போட நிலைமை எல்லாம் உக்காந்திருக்கும், எந்த கதவு உடைஞ்சுது, எந்த பொணம் எங்க கிடக்குதுன்னு, அதனால பிசில ஒவ்வொரு சேவும் எம்பி கணக்குல ஊதிடும். பிஎஸ்2 மெமரி கார்டு மொத்தமே 8 எம்பி, அதுவும் எழுத நேரம் எடுக்கும். நொடிக்கு ஒரு தடவை சேவ் போடுற பழக்கம் அங்க செல்லாது. மாட்டிக்கிட்டா மாட்டிக்கிட்டது தான், ஓடு, சமாளி, அலாரத்தோட வாழு. டிசைன் பண்ணவங்க ஆசைப்பட்ட மாதிரி இந்த கேம ஆடினது மெமரி கார்டு காரங்க தான்னு கூட சொல்லுவேன்.

முகமும் அசைவும் கன்சோல்ல தேறிச்சு, ஆளுங்கள புதுசா பண்ணாங்க. பிசில இந்த கேம் ஓடுன பழைய அன்ரியல் இன்ஜின்ல ஒரு ஆளு நடக்குறதுன்னா ஒவ்வொரு படத்துக்கும் உடம்போட ஒவ்வொரு புள்ளியும் எங்க இருக்கணும்னு அப்படியே பட்டியலா சேமிச்சு வெச்சிருப்பாங்க, மெமரிய தின்னும், பாக்கவும் களிமண் பொம்மை மாதிரி இருக்கும். ஆரம்ப காட்சியையும் முடிவையும் முன்கூட்டியே ரெண்டர் பண்ண வீடியோவா மாத்தினாங்க. அதுல எனக்கு பெரிய இஷ்டம் இல்ல, வில்லனுங்க பாப் பேஜும் வால்டன் சைமன்ஸும் இருட்டுல நின்னு பேசுற அந்த ஆரம்பம் பிசில கேமோட அதே கட்டை முகத்தோட வரும்போது இருக்குற கெத்து பளபளப்பான வீடியோல இல்ல, வீடியோ முடிஞ்சு கேம் ஆரம்பிக்கும்போது ஏமாத்தம் வேற.

இப்ப இன்விசிபிள் வார். 2003 டிசம்பர், பிசிக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் ஒரே நேரத்துல. எக்ஸ்பாக்ஸ்ல 64 எம்பி, பிஎஸ்2-வ விட ரெட்டிப்பு, அப்ப ஊரு பெருசா இருந்திருக்கணும் இல்லையா? சின்னதாச்சு. படம் வரையுற புது ரெண்டரர், ஒவ்வொரு விளக்குக்கும் அசையுற நிழல், தட்டினா உருளுற பிசிக்ஸ், எல்லாம் மெமரில பங்கு கேட்டுச்சு, மிச்சம் இருந்ததுல தான் சியாட்டிலும் கெய்ரோவும். நாலு ரூம், லோடிங், நாலு ரூம், லோடிங். பிசில கொடுமை இன்னும் மேல, ஒவ்வொரு மேப் மாறும்போதும் கேமே மூடி மறுபடி திறக்கும், 64 எம்பிக்கு யோசிச்ச வழக்கம் அதவிட பல மடங்கு ரேம் இருந்த பிசிக்கும் அப்படியே வந்து சேந்துச்சு. ஸ்கில் பாயிண்ட தூக்கிட்டாங்க, எல்லா துப்பாக்கிக்கும் ஒரே தோட்டான்னு ஆக்கிட்டாங்க, பிஸ்டலுக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே பாட்டில்ல இருந்து ஊத்துற மாதிரி. தோட்டாவ எந்த மெமரியும் தூக்க சொல்லல, ஸ்கில் பாயிண்ட் நாலு நம்பர், அது எந்த ரேமையும் நிறைக்காது. கன்சோல் ஆளுக்கு இதெல்லாம் புரியாதுன்னு யாரோ மனசுக்குள்ள முடிவு பண்ணது தான் அது. அதே கன்சோல் ஆளு ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி பிஎஸ்2-ல முழு ஸ்கில் மரத்தோட இந்த கேம ஆடி முடிச்சிருந்தான்.

2011-ல அடுத்த டியூஸ் எக்ஸ் கேம் ஹியூமன் ரெவல்யூஷன் வந்தப்ப பண்ணது வேற ஆளுங்க, ஈடாஸ் மான்ட்ரியல். எக்ஸ்பாக்ஸ் 360-ல 512 எம்பி, பிஎஸ்3-ல 256-ம் 256-மா ரெண்டா பிரிஞ்சு. டெட்ராய்ட் தெருவுல கொஞ்ச நேரம் தடையில்லாம நடக்க முடிஞ்சுது. கையில இருந்தது அதே ரெண்டு ஸ்டிக், அதே பத்து பதினாறு பட்டன். இன்வென்டரிய திறந்தா கட்டம் திரும்பி வந்திருந்துச்சு, பெரிய துப்பாக்கி ஒண்ண எடுக்கணும்னா ஏற்கனவே இருக்குறத திருப்பி திருப்பி வெச்சு பாக்கணும், அப்பவும் இடம் வரலன்னா ஏதோ ஒண்ண தரையில போட்டுட்டு நடக்கணும்.